கேட்காமலே சொன்ன ரகசியம்

இன்று வேலூர்ப் பக்கம் ஆட்டோகிராஸ் போட்டி. மைதானத்தில் கூம்புகளை வைத்திருப்பார்கள். அவற்றுக்கு நடுவே ஒவ்வொரு காராக வளைந்து ஓட வேண்டும். யார் சீக்கிரம் முடிக்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

ஆரணியில் எங்கள் பட்டுக்கடைக்குத் தினமும் நான் ஓட்டிப் போகும் பழைய காரை, மூன்று மாதமாகத் தயார் செய்தவர் மெக்கானிக் யூசுப் பாய்.

போட்டிக்கு முன் பரிசோதகர் டயர், பேட்டரி, ஹெல்மெட் எல்லாம் பார்த்தார். "சாதா கிளாஸ்" என்று எழுதப் போனார்.

"சார், இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கையும் மாத்தியிருக்கோம்" என்றேன்.

பேனா நின்றது. மாற்றம் செய்த கார்களுக்கான மாடிஃபைடு கிளாஸில் போட்டுவிட்டார். அங்கே எல்லாமே பெரிய இன்ஜின் கார்கள்.

பாய் தலையில் அடித்துக்கொண்டார். "அவரு கேட்டாராம்மா? நீயா எதுக்குச் சொல்லிகினு கீற? பேஜார் பண்ணிட்டியே!"

நான் என்ன செய்வது? எங்கள் கடையில் ஓர் இழை விட்டுப்போன புடவை என்றாலும், அந்த இடத்தை விரித்துக் காட்டிய பிறகுதான் விற்போம். வாய் பழகிவிட்டது.

ஒரு கூம்பைக்கூடச் சாய்க்காமல், அந்தப் பெரிய கார்களுக்கு நடுவே மூன்றாவதாக வந்தேன்!

திரும்பும் வழியில் கண்ணமங்கலத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். பாய் டீக்கடைக்காரரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தார்: "பெரிய வண்டிங்களோட மோதி மூணாவதுங்க! நான்தான் சொன்னேன், எதையும் மறைக்காதம்மா, எல்லாத்தையும் சொல்லிடுன்னு."

நான் டீயை ஊதிக் குடித்தேன். பாய் விட்ட இந்த ஓர் இழையை மட்டும் விரித்துக் காட்டவில்லை.

தப்பா? நீங்களே சொல்லுங்கள்.