படத்துக்குக் கீழே ஓடிய எழுத்து

"மாப்ளே, அந்தத் தண்ணி குடிக்கிற ஆளு படம் கெடச்சுச்சாலே?"

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து வாரம் தவறாமல் போனில் இந்தக் கேள்வி வந்துகொண்டிருந்தது. கேட்பவன் கீழக்கரையில் இருக்கும் என் கல்லூரி நண்பன். தேடிக்கொண்டிருக்கிறேன் என்றே பதில் சொல்லி வந்தேன். உண்மையில் படம் கிடைத்துவிட்டது. பழைய ஜப்பானியப் படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஓர் இணையதளத்தில், ஆங்கில சப்டைட்டிலோடு, நாங்கள் இளமையில் பார்த்த அதே கறுப்பு வெள்ளைப் படம். ஒரு ஞாயிறு மதியம் திருப்புல்லாணியில் என் வீட்டில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். முடிந்ததும் அவனை அழைக்கத்தான் போனை எடுத்தேன். அழைக்கவில்லை.

சர்க்கரை நோயால் நண்பனுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். படத்தை ஓடவிட்டால் கீழே வரும் வரிகளை நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். அந்தப் படத்தின் கதை என்று நாற்பது வருடமாக நாங்கள் எதைச் சொல்லி வந்தோமோ அது அந்தப் படத்தில் இல்லை. இருக்கிற கதையைச் சொன்னால் அவன் யாரை நினைப்பான் என்று எனக்குத் தெரியும். இறந்துபோன தன் தாயை நினைப்பான். அதை அவன் தாங்குவானா என்பதுதான் என் தயக்கம்.

இது எப்படி நேர்ந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

பள்ளி நாட்களிலேயே எனக்கு வெளிநாட்டுப் படங்களின் மேல் பிடிப்பு வந்துவிட்டது. காரணம் எங்கள் கடற்கரைதான். மொட்டை மாடியில் ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பினால் சிலோன் டி.வி. தெரியும். உள்ளூர்த் தியேட்டருக்கு ஒருநாளும் வராத அமெரிக்கப் படங்கள் கடலைத் தாண்டி எங்கள் வீடுகளுக்குள் வந்தன. அவற்றின் கீழே சிங்கள எழுத்து ஓடும். நம் அரசுத் தொலைக்காட்சியில் எப்போதாவது ஒரு வங்காளப் படம் போடுவார்கள். கீழே ஆங்கிலம் ஓடும்; அந்த வேகத்துக்குப் படிக்க அப்போது எனக்கு வராது. பிறகு ராமநாதபுரத்தில் கல்லூரியில் சேர்ந்தேன்; பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனாக இவன் பழக்கமானான்; இவன் வீட்டில் பார்த்த படங்களுக்குக் கீழே அரபு எழுத்து ஓடியது. நான் விரும்பிய படங்களுக்கும் எனக்கும் நடுவில் எப்போதும் எனக்குத் தெரியாத ஓர் எழுத்து இருந்தது.

அவனுடைய தாய்மாமா துபாயில் இருந்தார். விடுமுறைக்கு வந்தபோது ஒரு கலர் டி.வி., ஒரு வீடியோ டெக், பெட்டி நிறையக் கேசட்டுகள் கொண்டுவந்து தன் தங்கையின், அதாவது நண்பனுடைய உம்மாவின், வீட்டில் வைத்தார். எல்லாம் அங்கே கடையில் மலிவாக வாங்கியவை. பாதி அமெரிக்கப் படங்கள், மிச்சம் ஹாங்காங், ஜப்பான். அட்டையில் பெயர்கூட அரபில்தான் இருக்கும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முன் அறையில் படம் ஓடும். அவனும் நானும் பாயில் உட்கார்ந்திருப்போம். உள்கட்டு வாசலில் பச்சைத் திரைச்சீலை தொங்கும். அதற்கு அந்தப் பக்கம் அவனுடைய உம்மாவும், துபாய் மாமாவின் மனைவியான மாமியும் இருந்து, திரைச்சீலையின் ஓரத்து இடைவெளி வழியாகப் பார்ப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்து இவன் அரபு வரிகளை உரக்கப் படித்து, உடனே தமிழில் சொல்வான். சிறு வயதில் குர்ஆன் ஓதப் போனவன். வரிகளைத் தட்டுத் தடங்கல் இல்லாமல் படிப்பான். நான் வாய் பிளந்து கேட்பேன்.

ஒரு குதிரைக்காரப் படத்தில் கதாநாயகன் தொப்பியைச் சாய்த்து ஒரு சொல் சொன்னான். நண்பன் அதற்கு மூச்சுவிடாமல் பேசினான்.

"ஏலே, அவன் 'ம்'னுதான சொன்னான்?"

"அரபு எழுத்து அப்படித்தாம்லே. சுருக்கி எழுதுவாக. நாமதான் விரிக்கணும்."

திரைச்சீலைக்குப் பின்னால் மாமி சிரித்தார். "இவன் விரிக்கிற விரிப்புல பத்துப் பேர் படுக்கலாம்."

கல்லூரி இரண்டாம் வருடம் முடியும்போது எனக்கு ஆங்கிலம் ஓரளவு காதில் விழ ஆரம்பித்தது. ஓர் அமெரிக்கப் படத்தில் ஒருவன் தன் தம்பி சிறையில் இருப்பதாகச் சொன்னான். எனக்குத் தெளிவாகக் கேட்டது. நண்பன் அதைத் தங்கை கல்யாணம் என்று சொன்னான். பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன். அவன் கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

"எழுத்துதான் தெரியும். அர்த்தம் யாருக்குலே தெரியும்?"

"அப்ப இத்தனை நாளும்?"

"ஒங்க ஆளுக கோயில்ல சமஸ்கிருதம் சொல்றாகளே, எல்லாம் அர்த்தம் தெரிஞ்சா சொல்றாக? போலே." பஸ் வந்தது. ஏறப் போன என் சட்டையைப் பிடித்து நிறுத்தினான். "உம்மாட்ட சொல்லிராத."

அந்த ஒரு வாக்கியத்தில்தான் எனக்கு விளங்கியது. அவன் கதை சொன்னது எனக்காக இல்லை.

அவனுடைய தகப்பனார், வாப்பா, இவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பினாங்குக்கு வியாபாரத்துக்குப் போனவர். முதலில் கடிதம் வந்தது, பிறகு குறைந்தது, பிறகு நின்றுவிட்டது. அங்கே இன்னொரு குடும்பம் என்று ஊரில் பேச்சு. இறந்துவிட்டார் என்று இன்னொரு பேச்சு. எதற்கும் உறுதி இல்லை. உம்மாவுக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஜமாத்தில் முறையாகச் சொல்லித் தீர்த்துக்கொண்டு வேறு வாழ்க்கை அமைத்துக்கொள் என்று டெக் கொண்டுவந்த அதே அண்ணன், அடுத்த விடுமுறைக்கு வந்தபோது வற்புறுத்திக்கொண்டிருந்தார். நல்ல இடமும் ஒன்று வந்திருந்தது. உம்மா பதில் சொல்லாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில்தான் அந்த ஜப்பானியப் படம் ஓடியது. கடலோரக் கிராமம். ஒருத்தி கடல்பாசி பொறுக்கிப் பாறையில் காயவைத்துப் பிழைக்கிறாள். கணவன் கப்பலில் போய்த் திரும்பவில்லை. பொழுது சாய்ந்ததும் ஒரு கிண்ணத்தில் தனக்குச் சோறு வைப்பாள், எதிரே இன்னொரு கிண்ணத்தில் இல்லாதவனுக்கு வைப்பாள். கடைசியில் தாடி வைத்த ஒருவன் வாசலில் வந்து தண்ணீர் கேட்கிறான். குடித்துவிட்டுச் சில வார்த்தைகள் பேசுகிறான். குனிந்து வணங்கிவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடக்கிறான். அவள் உள்ளே போய் இரண்டாவது கிண்ணத்தைக் கவிழ்த்து அலமாரியில் வைக்கிறாள். படம் முடிகிறது.

நாங்கள் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான். நண்பன் அந்த வரிகளைப் படித்துச் சொன்னது இது: "புருசன் வந்துட்டாரு. தாடி வச்சிருக்கதால அவளுக்கு மொதல்ல தெரியல. 'நான்தான், கடல்ல குளிச்சிட்டு வாரேன், சோறு ஆக்கி வையி'ங்கிறாரு."

அதற்குப் பிறகு பல மதியங்களில் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வரும். "அந்தத் தண்ணி குடிக்கிற ஆளு படத்தப் போடு ராசா." அண்ணன் விடுமுறை முடிந்து துபாய் போகும்போது உம்மா முடிவாகச் சொல்லிவிட்டார், வேறு கல்யாணம் வேண்டாம் என்று. மகனுக்கு விசா எடுக்கிறேன் என்று பின்னாளில் அண்ணன் சொன்னபோதும் விடவில்லை. "ஒருத்தர அனுப்பிப் பாத்தாச்சு" என்றாராம். அதனால் நண்பன் எந்தத் தேசத்துக்கும் போகவில்லை. பஜாரில் ஜவுளிக்கடை வைத்தான். அரபுக்கு அர்த்தம் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அவனுக்கு வரவே இல்லை. கடற்காற்றில் கேசட்டுகள் பூஞ்சை பிடித்துப் போயின. உம்மா சில வருடங்களுக்கு முன் காலமானார். விதவைக்குரிய தனிமைக் காலமான இத்தா இருக்காமலே, கணவன் எங்கோ இருக்கிறவராகவே, ஆயுள் முடிந்தது.

இந்த வருடங்களில் நான் எவ்வளவோ படங்கள் பார்த்துவிட்டேன். பார்த்த அன்றே டைரியில் எழுதிவிடும் வழக்கம் உண்டு. பழைய அமெரிக்கப் படங்களில் காமிரா பெரும்பாலும் போகிறவனோடு போகிறது. குதிரை, ரயில், நீண்ட சாலை. அவன் விட்டு வந்த வீடு ஒரு நிமிடத்தில் சிறுத்து மறைந்துவிடும். ஜப்பானிலும் வங்காளத்திலும் எடுத்த பழைய படங்களில் காமிரா தரையோடு தரையாக வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. போனவன் கடிதமாகவோ சேதியாகவோ மட்டும் வருகிறான். எல்லாப் படத்துக்கும் இது பொருந்தாது. ஆனால் பினாங்கும் துபாயும் ஆண்களை எடுத்துக்கொண்ட இந்தக் கரையில், பெண்கள் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து எந்தப் படத்தைத் திரும்பக் கேட்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மேலும் தள்ளிப்போட முடியவில்லை. படம் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். மறுநாள் மதியமே லேப்டாப்போடு கீழக்கரைக்குப் போனேன். அவன் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார்.

"அண்ணே, ஒங்களுக்குச் சீனி போட்டுருக்கேன். அவுகட்ட சொல்லிராதீக."

"கரண்டி சுத்துன சத்தம் கேட்டுச்சு," என்றான் நண்பன். "எனக்கும் ஒரு சுத்து சுத்துனா என்ன?"

"சுத்துனதுலதான் கண்ணு போச்சு," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

படத்தை ஓடவிட்டேன். படத்தின் ஒலி முழுவதும் அவனுக்கு நினைவில் இருந்தது. "இப்பக் காக்கா கத்தும் பாரு" என்பான், காகம் கத்தும். நான் வரிகளைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். ஆரம்பத்தில் தன் பழைய கதைக்கும் இதற்கும் உள்ள தூரத்தைக் கேட்டுச் சிரித்தான். "நான் அவள மீன் யாவாரியாக்கிட்டேன். இவ பாசி யாவாரியா. பரவால்ல, கடல் சரியா வந்துருச்சு." பாதிக்கு மேல் சிரிப்பு நின்றது.

வாசலில் தாடிக்காரன் வந்தான். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நான் படத்தை நிறுத்தினேன்.

"ஏன்லே நிப்பாட்டிட்ட?"

"வேண்டாம்டா. நீ சொன்னதே நல்லாருந்துச்சு."

"நான் சொன்னது எனக்குத் தெரியும். அதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லு." குரலை உயர்த்தவில்லை. "கண்ணு போனவன ஏமாத்தாதலே."

ஓடவிட்டேன். வந்த வரிகளை வந்தபடியே சொன்னேன். 'நான் உன் கணவனோடு ஒரே கப்பலில் இருந்தவன். அவன் கடலில் போய்விட்டான். கண்ணால் பார்த்தேன். இனி நீ காத்திருக்க வேண்டாம்.' அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு, 'இன்னும் கொஞ்சம் தண்ணீர் தரட்டுமா?' என்று மட்டும் கேட்டாள்.

"அவரு புருசன்தான?" என்றான் நண்பன்.

"ஆமா. தொடக்கத்துல ஒரு போட்டோ வருது. நெத்தியில தழும்பு. அதே ஆளுதான்."

"அவளுக்கும் தெரியுமா?"

"தெரிஞ்ச மாதிரிதான் பாக்குறா."

இதற்குத்தான் நான் பயந்திருந்தேன். அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். படம் முடிந்து அலைச் சத்தமும் நின்றுவிட்டது. பேசியபோது என்னிடம் பேசுகிறவன் போல இல்லை.

"காத்திருக்காதேன்னுதான் எழுதியிருந்துச்சு. நான் 'வாரேன்'னு படிச்சேன்."

"ஒனக்குத் தெரியாதேடா."

"உம்மாவுக்குத் தெரிஞ்சிருந்துச்சுலே." முகத்தை என் பக்கம் திருப்பினான். "உம்மாவும் சின்னப் பிள்ளையில ஓதுனவுகதான? எழுத்து அவுகளுக்கும் தெரியும், அர்த்தம் எனக்குத் தெரியாதுங்கிறதும் தெரியும். ஒருநாள் கேட்டாக, 'ஏன் ராசா, புருசன் சோத்துக்கு வாராருன்னா அவ கிண்ணத்த எதுக்குக் கவுத்து வைக்கிறா?'ன்னு. கழுவி வைக்கிறாம்மான்னேன். சரின்னுட்டுப் போய்ட்டாக. மறுநாளும் அதே படத்தத்தான் போடச் சொன்னாக."

எல்லாம் அறிந்தே உம்மா கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அவனுக்கு ஆறுதலா, கூடுதல் பாரமா என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவனாலும் முடியவில்லை என்றே தோன்றியது. அவன் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார்.

நான் கிளம்ப எழுந்தபோது அவன் கையை நீட்டி என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தான்.

"அந்த ஆளு பொய் சொல்றதுக்காக அவ்வளவு தூரம் வந்துருக்காம்லே."

"ம்."

"எங்க வாப்பா அதுக்குக்கூட வரல."