நெடுந்தீவுக்குப் பலகை அடிக்கப் போனது

நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் அங்கே காடாகத் திரிகிற குதிரை பார்க்கப் போவார்கள். நானும் மனைவி வதனியும் போனது பலகை அடிக்க. தொண்ணூறாம் ஆண்டு, பங்குனி மாதத்துச் சனிக்கிழமை. சண்டை ஓய்ந்து, பாதை திறந்து, கொழும்புக்கு றெயிலும் ஓடிக்கொண்டிருந்த கொஞ்ச மாதங்கள் அவை.

காரணத்தை முதலே சொல்லிவிடுகிறேன். வதனி பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ரீச்சர். நூறு மீற்றரில் எங்கள் பக்கம் அவளை முந்த ஆளில்லை. இங்கே ஓட்டம் தொடங்க விசில் ஊதுவார்கள். கொழும்பில், தேசியப் போட்டியில், துவக்கு வெடிப்பார்கள். முந்தின வருடம் அந்த வெடி கேட்டதும் அவள் ஓடவில்லை. தரையோடு தரையாகப் படுத்துவிட்டாள். பார்த்தவர்கள் கால் தடுக்கியது என்று நினைத்தார்கள். எனக்குத்தான் தெரியும். அதற்குச் சில மாதம் முந்தி, பள்ளிக்கூடம் போகிற வழியில் வெடி தொடங்க, சைக்கிளோடு வேலிக்கரையில் அப்படித்தான் படுத்துக் கிடந்தாள். உடம்பு அதைப் பழகிவிட்டது. அவளுக்கு இருபத்தெட்டு வயது. வருகிற சித்திரைப் போட்டியை விட்டால் இனி இல்லை.

நான் வியாபாரி. தென்னிலங்கையில் இருந்த கடையை எண்பத்து மூன்றுக் கலவரத்தில் விட்டு வெறுங்கையோடு வந்து, யாழ்ப்பாணத்தில் பலகை விற்கிற மரக்காலை போட்டவன். எதற்கும் ஒரு வழி இருக்கும் என்று நம்புகிற சாதி. காதுக்குப் பஞ்சு வாங்கிக் கொடுத்தேன். "பயப்படாதையும்" என்று நாளுக்குப் பத்துத்தரம் சொன்னேன். பஞ்சாவது தலையணைக்கு உதவியது. பிறகு இரண்டு முதிரைப் பலகையைப் பிணைச்சல் போட்டு இணைத்தேன். சேர்த்து அடித்தால் அசல் வெடி. வீட்டு வாசல் ஒழுங்கைக்குள் ஒரேயொரு தரம் அடித்துப் பார்த்தேன். அயல் முழுக்கப் பதுங்குகுழிக்குள் இறங்கிவிட்டது. ஆளில்லாத வெளி தேவைப்பட்டது அதனால்தான்.

காலை ஆறரைக்கு யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் ஏறினோம். மண்டைதீவுச் சந்தி, வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான் இறங்குதுறை. இருபது மைல், ஒன்றரை மணித்தியாலம், ஆளுக்கு ஆறு ரூபா. என் ஊர் இறுப்பிட்டி வழியில்தான். இறங்கினால் சொந்தக்காரர் சாப்பிட வைத்தே பகலை முடித்துவிடுவார்கள் என்று இறங்கவில்லை. எட்டரைக்குப் படகு, எட்டு ரூபா.

படகுக்காரர் பலகையைப் பார்த்தார். "அண்ணை, ஆரின்ரை கதவைக் கழட்டிக்கொண்டு வாறியள்?"

"கதவில்லை, துவக்கு" என்றாள் வதனி. பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பி மற்றக் கரைக்குப் போய்விட்டார்கள். ஓட்டப் பயிற்சிக்கு என்று நான் விளக்கி முடிக்க நயினாதீவுப் பக்கம் கடந்துவிட்டோம்.

ஒரு மணித்தியாலத்தில் மாவிலித்துறை. அங்கிருந்து இரண்டு மைல் நடை. கல்வேலிகள் முடிய வெட்டைவெளி தொடங்கும். கொஞ்சப் பனை, தூரத்தில் குதிரைகள், மிச்சமெல்லாம் காற்று. வதனி ஓடத் தயாராகக் குந்தி நின்றாள், நான் பின்னால் பலகையோடு. அடித்தேன். குனிந்தாள். ஆறு தரம் இப்படி. அவள் குனிகிறதைப் பார்க்க ஏலாமல் நான் அடியைக் குறைத்துக்கொண்டே வந்தேன்.

"இஞ்சருங்கோ, நீங்கள் அடிக்கிறியளோ, பலகையைத் தடவிக் குடுக்கிறியளோ?"

ரோசம் வந்து முழுப்பலத்தோடு அடித்தேன். வதனி படுத்தாள். பனைக்கு மேலே இருந்து ஒரு குரல்: "டேய், ஆரடா அது!" கள்ளுச் சீவுகிறவர் ஒருவர், என் வயதுதான் இருக்கும், பனையேறுகிற தளைநாரைக் காலில் மாட்டியபடியே சறுக்கி இறங்கினார். தலை, தோள் எல்லாம் கள்ளு. "விசரே அண்ணை உங்களுக்கு? அரை முட்டி என்ரை தலையிலை போச்சு!"

மன்னிப்புக் கேட்டேன். ஏசி முடித்து அடுத்த பனையில் கை வைத்தார். கை நடுங்கியது.

வதனி எழும்பி வந்தாள். "அண்ணை, கை நடுங்குதெல்லே. நடுக்கம் நிண்டாப் பிறகு ஏறுங்கோவன்."

"நிக்கட்டும் எண்டு நான் கீழை பாத்துக்கொண்டு நிண்டா மேலை கள்ளுப் புளிச்சுப்போம், தங்கச்சி. அது தன்ரை பாட்டுக்கு நடுங்கட்டும்." ஏறிவிட்டார்.

வதனி அவர் ஏறி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்ப வந்து குந்தினாள். இந்தமுறை, முந்திப்போலக் கண்ணை மூடவில்லை, உடம்பில் நடப்பதை ஒவ்வொன்றாக வாயால் சொன்னாள். "நெஞ்சு அடிக்குது. வாய் காயுது. உள்ளங்கையிலை கல்லுக் குத்துது. அடியுங்கோ."

அடித்தேன். தோள் குனிந்தது. குனிந்த தோளோடு ஓடினாள்.

"பிடிச்சிட்டன்! குனியிறது தோள் மட்டுந்தான். காலுக்கு ஒண்டுமில்லை. நான்தான் தோளைப் பிடிச்சு நிப்பாட்டப் பாத்து எல்லாத்தையும் விழுத்தினனான்."

மத்தியானம்வரை நாற்பது தரம் அடித்திருப்பேன். நாற்பது தரமும் தோள் குனிந்தது, உள்ளதைச் சொல்லவேண்டும். ஆனால் பிறகு அவள் படுக்கவேயில்லை. மூன்று மணிப் படகில் வரும்போது என் தோளில் சாய்ந்து நித்திரை கொண்டாள். பலகையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலமும் அசையாமல் இருந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: நான் சொன்ன காசும் நேரமும் அந்தக் காலத்தவை. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே கேட்டு வையுங்கள். வெட்டையில் நிழல் குறைவு. தண்ணீரும் தொப்பியும் கொண்டுபோங்கள். பயத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஒன்றைத் தொடங்கவேண்டும் என்றிருந்தால், என் மரக்காலை இன்றுவரை திறந்திராது. இதையும் அந்த வெட்டையில்தான் யோசித்தேன்.

சித்திரையில் கொழும்புக்கு அவளோடு போனேன். மூன்றாவதாக வந்தாள். அணிக்குத் தெரிவானது முதல் இரண்டு பேர். மூச்சு வாங்க என்னிடம் வந்தவள் அதைப்பற்றிக் கேட்கவில்லை.

"தொடக்கம் எப்பிடி? தோள் குனிஞ்சது வெளியிலை தெரிஞ்சுதோ?"

"நான் பாக்கேல்லை."

"இவ்வளவு தூரம் வந்து பாக்கேல்லையோ?"

"வெடி கேட்டோடனை என்ரை தலை தன்ரை பாட்டுக்கு நான் இருந்த கதிரைக்குக் கீழை போட்டுது. நிமிர்ந்து பாக்க நீர் பாதித் தூரம் போட்டீர்."

அவள் சிரித்த சிரிப்பில் முதலாவதாக வந்தவளும் திரும்பிப் பார்த்தாள்.