மீன் தொட்டிக்கு வந்த பம்பு

திருப்பதியில் எங்கள் ஹாலில் சுவர் நீளத்துக்கு ஓர் உப்புத்தண்ணீர் மீன் தொட்டி இருக்கிறது. ஆசைப்பட்டு வாங்கியவர் என் கணவர். ஆனால் ஞாயிறுதோறும் பழைய தண்ணீரை மொண்டு கொட்டிவிட்டு, சமையலறை டிரம்மில் உப்பு கலந்து, பக்கெட் பக்கெட்டாகத் தூக்கிவந்து நிரப்பியவள் நான். இடுப்பு ஒடிகிறது என்றால், "உன் கைராசியிலதான் மீனுங்க நல்லா கீது" என்பார். நானும் பூரித்துப்போவேன்.

போன மாதம் தங்கை பிரசவத்துக்காகப் புத்தலப்பட்டு போயிருந்தேன். ஒரே ஒரு ஞாயிறு அவரே பக்கெட் தூக்கியிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் டிரம்முக்குள் பம்பு. அங்கிருந்து தொட்டிவரை ஹோஸ்.

"சுவிட்ச் போட்டா போதும், தண்ணி தானா ஏறிக்கினே இருக்கும். பக்கெட் தூக்கி என் இடுப்பே போச்சு" என்றார் பெருமையாக.

"இத்தினி வருசமா எனக்கு இருந்தது இன்னா, இரும்பு இடுப்பா?" என்று கேட்டேன். அவர் மீன்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஞாயிறு, "சுவிட்சப் போடு" என்று கூப்பிட்டார்.

"நீங்களே போடுங்க. பம்புக்கு எதுக்கு கைராசி?" என்றேன். உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை.

அந்தப் பம்பு கடையில் எப்போதும் இருந்ததுதான். அது வீட்டுக்கு வர, வலி என் இடுப்பிலிருந்து அவர் இடுப்புக்கு மாற வேண்டியிருந்தது.