மண்டோர் செத்த அத்தியாயம்

நான் தொடர்கதை எழுதுகிறவள். புத்தகத்தில் இல்லை, கைப்பேசிச் செயலியில். வாரத்துக்கு இரண்டு அத்தியாயம். நீலாயில் ஒரு தொழிற்சாலையில் ஆபீஸ் வேலை. ரயிலில் போகும்போதும் வரும்போதும் கட்டைவிரலால் தட்டியே பாதிக் கதையை எழுதியிருக்கிறேன்.

என் வாசகர்களுக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. இரண்டு பத்தி மழை பெய்தால் போதும், ‘லேக் ஆகுது சிஸ்’ என்று பின்னூட்டம் வந்துவிடும். நானும் லேசுப்பட்டவள் இல்லை, ஒவ்வொருவருக்கும் பதில் எழுதி மல்லுக்கு நிற்பேன். ஆனால் அத்தியாயத்தின் கீழே விழும் சிவப்பு இதயங்கள் குறைந்தால் வாலைச் சுருட்டிக்கொள்வேன்.

கதையில் ஒரு மண்டோர் வருவார். அப்பாவேதான். பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் மண்டோராக ஆட்களை வேலை வாங்கியவர் அப்பா. வேலை விட்டு வந்தால் வாசலில் பூட்ஸை இரண்டு தட்டுத் தட்டுவார். சத்தம் கேட்டதும் நானும் தம்பியும் டிவியை அணைத்துவிட்டுப் பாடப் புத்தகத்தைத் தூக்குவோம். அந்தத் தட்டலை அப்படியே மண்டோருக்குக் கொடுத்தேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது அப்பா விடிய விடிய நெற்றியைத் தொட்டுப் பார்த்ததை எழுதவில்லை. எழுதினால் வேகம் போய்விடும்.

கடைசிக் காலத்தில் அவர் என்னோடு அம்பாங்கான் வீட்டில்தான் இருந்தார். செயலியை அவர் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்ததே நான்தான். “படிக்காட்டியும் பரவால்லப்பா, கடைசில அந்த ஹார்ட்ட மட்டும் அமுக்கிடுங்க” என்று சொல்லி வைத்திருந்தேன். அதனால் அவர் அமுக்குவதோடு சரி, படிக்கமாட்டார் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

‘இந்தக் கெழவன் எப்ப சாவான்?’ என்று ஒருத்தி எழுதினாள். அதற்குக் கீழே மற்றவர்கள் கூடிக் கும்மியடித்தார்கள். இதயங்கள் குறைந்துகொண்டே போயின. ஒரு நாள் ரயில் நீலாய் போய்ச் சேர்வதற்குள், மழையில் டிராக்டரைக் கவிழ்த்து மண்டோரைக் கொன்றேன். சாவு வீட்டுக்கு ஒரே வரி: ‘மறுநாள் எல்லாம் முடிந்தது.’ அடுத்த பத்தியில் அவர் மகளுக்குக் கல்யாணப் பேச்சு. இதயங்கள் கொட்டின. ‘இப்பதான் கதை ஓடுது சிஸ்’ என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா பசியாறிக்கொண்டிருந்தார். ரொட்டியைப் பிய்த்தபடி, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஏம்மா, அந்த மண்டோரு செத்ததுக்கு ஒருத்தரும் அழுவலியா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “கதைதானப்பா. இழுத்தா யாரும் படிக்கமாட்டாங்க லா.”

“அவன் மவகூடவா?”

“டீ ஆறுதுப்பா” என்றேன். அவர் எடுத்துக் குடித்தார். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

மகள் அழும் ஓர் அத்தியாயம் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ஆனால் ஓடுகிற கதையை நிறுத்த மனம் வரவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். நான்காவது வாரம் மாரடைப்பில் அப்பா போய்விட்டார்.

நான் அழுத அழுகையைப் பார்த்து அத்தை பயந்துவிட்டார். “போதும்மா, ஒடம்பு என்னாத்துக்கு ஆவுறது” என்று என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். எனக்குப் போதவில்லை. இதை அப்பா பார்க்கவில்லையே என்றுதான் மேலும் மேலும் அழுதேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் கைப்பேசியைத் தம்பியிடம் கொடுக்கலாம் என்று எடுத்தேன். செயலியைத் திறந்தால் என் கதை. ஒவ்வொரு அத்தியாயத்தின் கீழும் சிவப்பு இதயம். ஒன்றைக்கூட விடவில்லை. முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, மண்டோர் செத்த அத்தியாயத்தில் நின்றேன்.

அதிலும் அமுக்கியிருந்தார்.