இருபது இலை

ஊர்த் தேர்த்திருவிழா அன்று வீட்டில் அம்மா, அப்பா, அக்கா, நான் நாலு பேரும் இருந்தோம். கல்லூரியின் சிறந்த மாணவர் மன்றத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. அவர்களுக்காக இருபது இலை நறுக்கி வைத்திருந்தது.

ஜூலையில்தான் மன்றத்தில் சேர அழைப்பு வந்தது. நிறைய மதிப்பெண் வாங்கியவர்களை மட்டும் கூப்பிடுவார்கள். எங்கள் வகுப்பில் நான் ஒருவன்தான். சந்தா ஆயிரத்து ஐந்நூறு. சேரலாமா என்று கேட்க ஆளில்லை. வீட்டில் எனக்கு முன் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. வகுப்பில் கேட்டால், "பெரிய ஆளு, எங்களப் போயி கேக்குறியே!" என்றார்கள். அழைப்பைப் போனில் திறப்பதும் மூடுவதுமாகச் சில நாள் போயிற்று.

கடைசியில் அம்மாவிடம் சொன்னேன். மீன்கூடையை அலசிக்கொண்டே கேட்டாள்.

"வேலை தருவாங்களா?"

"இல்லம்மா."

"பின்ன எதுக்குடா காசு?"

"மெம்பரா இருக்கறதுக்கு."

அம்மாவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. எங்கள் ஊர் வீராம்பட்டினத்தில் குடும்பத்துக்குக் குடும்பம் ஊருக்குத் தலைக்கட்டு வரி கட்டுவோம். கட்டியவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊர் வந்து நிற்கும்.

"நம்ம வரி மாதிரிதான? கட்டிடு. அங்க உனக்கு நாலு பேரு வேணும்."

அங்கே நான் தனியாகச் சாப்பிடுவதை அவளிடம் சொன்னதேயில்லை. டிபன் பாக்ஸில் மீன் வேண்டாம் என்பேன். அதிலிருந்து கண்டுபிடித்திருப்பாள்.

சேர்ந்தேன். பேட்ஜ் குத்தினார்கள், போட்டோ எடுத்தார்கள், கலைந்துவிட்டார்கள்.

"வரி கட்டினவங்கள தேருக்குக் கூப்பிடாம இருப்பியா?" என்றாள் அம்மா. வாட்ஸ்அப் குழுவில் அழைப்புப் போட்டேன். பத்தொன்பது இதயங்கள் வந்தன. ஒருவர் 'வாழ்த்துகள்' என்று எழுதியிருந்தார். அம்மா போனை வாங்கி விரல் வைத்து எண்ணினாள். "இருபது பேரு வராங்க." நான் திருத்தவில்லை. வந்துவிடுவார்கள் என்று எனக்கும் மனதில் ஓர் ஓரத்தில் இருந்தது.

தேர் அன்று வெள்ளிக்கிழமை, மீன் கிடையாது. சாம்பார், வடை, பாயசம். தேர் எங்கள் தெருமுனையைத் தாண்டிப் போனது. "உன் மன்றம் டிராஃபிக்ல மாட்டிக்கிச்சாடா?" என்றாள் அக்கா. அப்பா வாசலுக்குப் போய், தேர் பார்த்துத் திரும்பியவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் பரிமாறினேன்.

"ஒரு வருஷம் வரலன்னா என்ன, அடுத்த வருஷமும் கட்டு," என்றாள் அம்மா.

அடுத்த சந்தாவுக்கு மெசேஜ் வந்தது. அவளிடம் காட்டாமல் அழித்துவிட்டேன்.

சந்தா ஆயிரத்து ஐந்நூறு, சாப்பாட்டுச் செலவு இரண்டாயிரத்து எழுநூறு. ஆக, எங்களுக்கு ஆனது நாலாயிரத்து இருநூறு ரூபாய்.