கமராவை நிறுத்தச் சொன்னவர்

அந்த வேலைக்கு நான் விரும்பிப் போகவில்லை. ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்ற பிறகு, திருகோணமலைக்கு வரும் வெளிநாட்டுக்காரருக்கு மொழிபெயர்க்கிறவள் என்று என் பெயர் அடிபட்டுவிட்டது. யுத்தத்தில் காணாமல்போன பிள்ளைகளைத் தேடும் தாய்மாரிடம் அதே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு அலுத்துப்போயிருந்தேன்.

இந்தமுறை வந்தது அந்தத் தாய்மாரைப் படமெடுக்க ஒரு குழு. தயாரிப்பாளர் ஹங்கேரியில் பிறந்த யூதர், எண்பதைத் தாண்டியவர். நாசிகளின் வதைமுகாமில் தாயையும் அக்காவையும் பறிகொடுத்துவிட்டுத் தனியாகத் தப்பிய சிறுவன் அவர். பிறகு லண்டனில் ஒரு ஸ்டூடியோவில் தேநீர் கொடுக்கத் தொடங்கி, படம் தயாரிக்கும் அளவுக்கு வந்திருக்கிறார். அதுவரை எடுத்ததெல்லாம் நகைச்சுவைப் படங்கள்.

"முகாமைப் பற்றி ஏன் எடுக்கவில்லை?" என்று வான் வண்டியில் போகும்போது கேட்டேன்.

"சனம் சிரிக்கிற சத்தம்தான் எனக்கு வேண்டியிருந்தது," என்றார்.

துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த வீட்டில் ஒரு தாய் எங்களுக்காகக் காத்திருந்தார். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று மகனைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் திருப்பிக் கொண்டுவந்து விடவேயில்லை. அதை அவர் சொல்லி முடிக்கும் நேரம் கப்பல் ஊதியது. சத்தம் சரியில்லை என்றார் இளம் இயக்குநர். தாய் இரண்டாம் தரமும் சொன்னார். இப்போது வெளிச்சம் சரியில்லை. ரோட்டிலிருந்து நடந்துவந்து, வாசல் படலையடியில் நின்று சொல்லட்டுமாம்.

"நான் பிழையாச் சொல்லிப்போட்டனோ டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே அந்தத் தாய் எழும்பிச் சேலையைச் சரிசெய்தார்.

கதிரையில் இருந்த தயாரிப்பாளர், "கமராவை நிறுத்துங்கள்," என்றார். இயக்குநர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கிழவர் விடவில்லை.

"எங்களை விடுவித்த பிறகு படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். நாங்கள் வெளியே வருவது சரியாக விழவில்லை என்று திரும்ப உள்ளே போகச் சொன்னார்கள். முள்ளுக்கம்பிக்குள்ளே மறுபடி நடந்தோம். கதவைப் பூட்டிவிடுவார்களோ என்ற பயத்தில் காற்சட்டையோடு மூத்திரம் போய்விட்டேன். நான் இருந்த முதல் படம் அதுதான்."

"என்னவாம் டீச்சர்?"

நான் தமிழில் சொன்னேன். அந்தத் தாய் அவருக்குக் கிட்ட வந்தார்.

"தாயைப் பிறகு கண்டவரோ?"

நான் அதை ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார், இல்லையென்று. அந்த அம்மா குசினிக்குள் போய்ப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து குடித்தார்கள். ஒருவருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. எனக்கு அப்போதுதான் முதுகு வலிப்பது தெரிந்தது.

படம், அந்தத் தாய் முதல் தரம் சொன்னதை வைத்தே வெளிவந்தது. பெரிதாக ஓடவில்லை. தயாரிப்பாளர் இடைக்கிடை எனக்குப் போன் எடுத்து, அந்த அம்மாவைச் சுகம் விசாரிப்பார். போன மாரிமழைக் காலத்தில் அவருடைய மகள் எடுத்தா. அப்பா போய்விட்டார் என்றா. அந்த வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"தனியவோ செத்தவர்?"

"இல்லையம்மா, மகள் பக்கத்தில இருந்தவவாம்."

"ஓம், அது நல்லது," என்றவர், அரிந்துகொண்டிருந்த மீனுக்குத் திரும்பினார்.

அடுத்த கிழமை வேறொரு குழு என்னைக் கேட்டது. ஏலாது என்றேன்.