அள்ளாமல் விட்ட கல்

"ஒரு சிலிண்டர் காத்துல எவ்வளவு தூரம் போயிட்டு வரலாம், மருமகளே?"

மாமா இப்படிக் கேட்டார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, எந்தக் கல்லூரியிலும் இடம் கிடைக்காமல் நான் அவர் வீட்டில் சும்மா இருந்த நேரம் அது. பள்ளியில் இந்த மாதிரிக் கணக்கை யாரும் கொடுத்ததில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. முப்பது வருடம் கல்குவாரிகளில் பொக்லைன் ஓட்டியவர். வெடி வைத்துப் பிளந்த பாறைத் துண்டுகளை அள்ளி லாரியில் போடுவதுதான் அவர் வேலை. அந்தத் தூசியெல்லாம் நுரையீரலில் தங்கிவிட்டது. இப்போது பத்து அடி நடந்தால் நிற்க வேண்டும். மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. கட்டிலை ஒட்டி ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து அவர் மூக்குக்கு ஏழு மீட்டர் குழாய். அது சமையலறை வாசல் வரை எட்டும், பால்கனிக்கு எட்டாது.

"கட்டிப்போட்ட மாட்டுக்குக்கூட என்னைவிடக் கயிறு நீளம்" என்பார்.

"இருக்கற மூச்சை வாயாடியே தீர்த்துடுங்க" என்பாள் அத்தை. அவர் சிரித்தால் இருமல் வரும். அதனால் வீட்டில் யாரும் நகைச்சுவையாகப் பேசக்கூடாது என்று அவள் சட்டம் போட்டிருந்தாள். அதை அதிகம் மீறியவளும் அவள்தான்.

மாமா போய்ப் பார்க்க ஆசைப்பட்டது ஒரு கல்வட்டத்தை. எழுத்துகூட இல்லாத காலத்து மனிதர்கள், இறந்தவர்களைப் புதைத்துவிட்டுச் சுற்றிலும் பெரிய கற்களை நட்டு வைத்த இடம். இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு புதுக் குவாரிக்காகப் புதர்க்காட்டைச் சமன்படுத்த அவரை அனுப்பினார்கள். முட்களுக்குள் கற்கள் தெரிந்தன. இறங்கி எண்ணினார். இருபத்தொரு கல், ஒரே வட்டம். எல்லாவற்றையும் தள்ளச் சொன்னார் சூப்பர்வைசர். மாமா பொக்லைனை வட்டத்துக்கு வெளியிலேயே சுற்றி ஓட்டி மற்ற இடத்தை மட்டும் சமன்படுத்தினார். அன்று மாலையே வேலை போயிற்று.

"ஏன் மாமா தள்ளல?"

"யாரோ மெனக்கெட்டு வச்சிருக்கான்னு பாத்ததுமே தெரிஞ்சுது. எனக்குப் பத்து நிமிஷ வேலை. கை வரல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "நான் அள்ளாம விட்ட ஒரே கல்லு அதுதான். ஒரு தடவ பாத்துடணும்."

இன்னும் எத்தனை மாதம் என்று டாக்டர் அத்தையிடம் தனியாகச் சொல்லியிருந்தார். மாமாவுக்கும் அது தெரியும். தெரியாதவர் போல இருந்தார்.

சிலிண்டர் கடைக்குப் போய் விசாரித்தேன். சிறிய சிலிண்டர், உட்கார்ந்திருந்தால் நான்கு மணி நேரம் வரும். நடந்தால் அதில் பாதிதான். மாடியிலிருந்து இறக்கவும் ஏற்றவும் கீழ் வீட்டு பெயிண்டர் அண்ணன்கள் இருவர் நாற்காலியோடு தூக்க ஒப்புக்கொண்டார்கள். காரில் போகவர இரண்டு மணி இருபது நிமிடம். எல்லாம் கழித்தால் நடக்க நாற்பது நிமிடம் மிஞ்சியது. போக இருபது, வர இருபது.

பழைய நோட்டில் எழுதிக் காட்டினேன். மாமா விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தார்.

"நின்னு பாக்க நேரமே போடலையே?"

"அதுக்கு மிச்சம் இல்ல மாமா."

"சரி விடு. மூச்சு விடாம பாத்துக்கறேன்."

அத்தை சிரித்துவிட்டு, உடனே முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டாள். "இப்ப என்ன அவசரம்? வெயில் தணியட்டும். கல்லு எழுந்து ஓடியா போகும்?"

"கல்லு எங்கயும் போகாது. நான்தான் போயிடுவேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது.

சாலையிலிருந்து கற்கள் வரை நடந்தால் இருபது நிமிடத்துக்குள் போக முடியுமா என்பது மட்டும் தெரியாமல் இருந்தது. மாமாவுக்கு அந்தப் பக்கம் பொக்லைனில் போய்த்தான் பழக்கம். எனவே வியாழக்கிழமை நான் மட்டும் பஸ்ஸில் போனேன். அவர் சொன்ன வளைவில் இறங்கி, கையில் கடிகாரத்தோடு அவரைப் போலவே நடந்தேன். பத்து அடி வைப்பேன், நின்று முப்பது எண்ணுவேன், மறுபடி பத்து அடி. எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். பதினெட்டாவது நிமிடத்தில் அவர் சொன்ன மேட்டில் ஏறி முடித்தேன். இரண்டு நிமிடம் மிச்சம்! அங்கேயே துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

மேட்டுக்கு அந்தப் பக்கம், கற்கள் இருக்க வேண்டிய இடத்தில் தரையே இல்லை. பெரிய பள்ளம். அடியில் பச்சைத் தண்ணீர். ஓரத்தில் ஒரு பழைய லாரி டயர். குவாரி வேலை முடிந்து மூடியே பல வருடம் ஆகியிருக்கும்.

மாமாவிடம் மறைத்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவரே வீடியோவில் அழைத்துவிட்டார்.

"எத்தனை நிமிஷம் ஆச்சு?"

"பதினெட்டு."

"அடி சக்கை! எங்க, காட்டு பாப்போம்."

வேறு பக்கம் திருப்பலாம் என்று பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் பள்ளம்தான். காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"சுவரைப் பாரு, படி படியா எவ்வளவு நேரா எடுத்திருக்கான்" என்றார் கடைசியில். "நல்ல வேலைக்காரன். எனக்கப்புறம் வந்தவன்."

"மாமா..."

"வெயில்ல நிக்காத. வீட்டுக்கு வா."

திரும்பும் பஸ்ஸில் நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். காற்று, மாடிப்படி, கார், நடை என்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டிருந்தேன். கல் இருக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லை. முப்பது வருடம் கல்லை மலை மலையாக லாரியில் ஏற்றி அனுப்பியவர், கல் எங்கும் போகாது என்றார். அந்தக் கூலியில் சாப்பிட்ட நாங்களும் அதை அப்படியே நம்பிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெயிண்டர் அண்ணன்கள் நாற்காலியோடு வந்து நின்றார்கள். அவர்களிடம் சொல்ல மறந்திருந்தோம். மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "இன்னைக்கு வேணாம்பா" என்று அத்தைதான் சொல்லி அனுப்பினாள். பயணத்துக்கென்று வாங்கி வைத்த சிலிண்டர் நிறைந்தபடியே கதவுக்குப் பின்னால் நிற்கிறது. அத்தை அதன் தலையில் துணிப்பையை மாட்டி வைத்திருக்கிறாள். மாமா இப்போது கட்டுத்தறி மாட்டைப் பற்றிப் பேசுவதில்லை. குழாய் சமையலறை வாசல் வரை எட்டும் என்றாலும் அவர் கட்டிலை விட்டு இறங்குவதில்லை.

இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இருபத்தொரு கல் இருந்த இடத்தில் ஒரு ஆள் ஒருநாள் பொக்லைனைச் சுற்றி ஓட்டினார். அங்கே போய்ப் பார்த்தால் அப்படி நடந்ததற்கு எந்த அடையாளமும் கிடைக்காது. அதனால் இன்னும் ஒருவரிடமாவது இதைச் சொல்லுங்கள். அவரையும் வேறு ஒருவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.